இன்னும் கொஞ்சம் புளிக்கட்டும்

ஜூன் 4

அன்புள்ள ஊசிக்கு,

போனில் பேசினால் சண்டைதான் மிஞ்சுகிறது, சொல்ல வேண்டியதை எழுதித் தொலையுங்கள் என்று ஏப்ரலில் நான் கிளம்பும்போது சொன்னாய். இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது தொலைந்திருப்பது என் மூக்கு. அதனால் எழுதுகிறேன்.

விளையாட்டில்லை. போன மாதம் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். காய்ச்சல் போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெங்காயம் நறுக்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறது, மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரையை வாயில் போட்டால் மணல் மாதிரி இருக்கிறது. டாக்டரிடம் போனேன். "ஒரு மாசத்துல வரலாம், ஒரு வருஷமும் ஆகலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல நானே போதுமே!

பார் கவுண்டரில் நிற்கிறவனுக்கு மூக்கும் நாக்கும் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே யாருக்கும் தெரியாது. பழைய பானங்களை அளவுக் கிண்ணத்தை நம்பி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். கை பழகியிருப்பதால் வண்டி ஓடுகிறது. போன செவ்வாய்க்கிழமை காலை அறையில் கேஸ் அடுப்பைத் திருகி வைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். சமையல் மாஸ்டர் ஓடிவந்து மூடினார். "யோவ், செத்துத் தொலையப் போறியா? நாத்தம் கூடவா தெரியல?" ஜலதோஷம் என்று சமாளித்தேன். அன்று முழுக்க அடுப்புப் பக்கமே போகவில்லை.

இந்த நேரம் பார்த்து முதலாளியம்மா ஒரு வேலை கொடுத்திருக்கிறார். "எல்லா இடத்துலயும் அதே கிம்லெட்டுதான் குடிக்கிறாங்க. இந்த சீசன்ல இங்க கிடைக்கிற பழத்தைப் போட்டு அதைப் புதுசாக்கு. ஆனா கிம்லெட்டுங்கிறது மறந்துபோகக் கூடாது." உனக்கு நினைவிருக்கும். நம் சமையலறையில் ஸ்ட்ராவின் தலையை விரலால் அடைத்து உன் நாக்கில் மூன்று சொட்டு விடுவேனே, அதுதான். ஜின், எலுமிச்சை, சர்க்கரை. மூன்றே பொருள் என்பதால் ஒளிந்துகொள்ள இடமில்லாத பானம்.

சந்தை முழுக்க இப்போது நாவல்பழம். அதைத்தான் எடுத்திருக்கிறேன். ஜூலை முதல் வாரம் ருசி பார்க்க உட்காருகிறார்கள். பிடித்துவிட்டால் கவுண்டர் பொறுப்பு எனக்கு. அதோடு மாடியில் இரண்டு அறை வீடு. போய்ப் பார்த்தேன். உன் தையல் மெஷினைப் போட ஜன்னலோரமாக நல்ல வெளிச்சமான மூலை ஒன்று இருக்கிறது.

நமக்கு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதற்கப்புறம் நாமும் ஒருவருக்கொருவர் தங்கவில்லை. ஒரே வீட்டில் இருந்தால் அதையாவது சரி பண்ணலாம் என்று தோன்றுகிறது. அதற்கு இந்த வேலை வேண்டும். இந்த வேலைக்கு ஒரு நாக்கு வேண்டும். உன் நாக்கைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை, திட்டுவதற்கும் சரி, ருசிக்கும் சரி. பஸ் பார்சலில் பாட்டில்களை அனுப்பினால் ருசி பார்த்து எழுதுவாயா?

இப்படிக்கு,
உன் தமுக்கு

ஜூன் 9

தமுக்குக்கு,

நான் நலம். நீங்கள் நலமில்லை என்று தெரிகிறது. இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம், அதிலும் கேஸ் அடுப்புக் கதை! முதலில் தீக்குச்சி, அப்புறம் திருகு. இதை ஒரு அட்டையில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டுங்கள். அன்று மாஸ்டர் வராமல் இருந்திருந்தால் எனக்கு யார் வந்து சொல்லியிருப்பார்கள்? கடிதத்தைப் படித்ததிலிருந்து நம் வீட்டு அடுப்பையும் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ருசி பார்க்கிறேன். ஆனால் ஜின் கலக்காமல் அனுப்புங்கள். பழச்சாறும் எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும் மட்டும் போதும். தனியாக இருக்கிறவள் வீட்டுக்கு ஜின் பாட்டில் வந்து இறங்கினால் எதிர்வீட்டு அம்மாவுக்கு அன்று சோறே வேண்டாம். ஜின் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மனசுக்குள்ளேயே ஊற்றிக்கொள்கிறேன்.

மாடி வீட்டைப் பற்றி இப்போது எழுத வேண்டாம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் என்னை என் போக்கில் விடுங்கள்.

காய்ச்சல் மறுபடி வந்தால் அன்றைக்கே எழுதுங்கள்.

ஊசி

ஜூன் 13

என் நாக்குக்கு,

(கோபித்துக்கொள்ளாதே, இனி உனக்கு அதுதான் பட்டம்.)

மூன்று பாட்டில் அனுப்பியிருக்கிறேன். கழுத்தில் நூல் கட்டியிருக்கிறேன். சிவப்பு நூல்: நாவல்பழத்தைக் கல் உப்போடு பிசைந்து, கொட்டை நீக்கி, பாகில் ஊற வைத்தது. வெள்ளை நூல்: அதே சாற்றில் நாரத்தை இலையைக் கசக்கிப் போட்டது. பச்சை நூல்: பழத்தை லேசாக வேக வைத்து வடிகட்டியது. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு குளிர்ந்த தண்ணீர் விட்டுக் குடித்துப் பார். ஐஸ் இருந்தால் நல்லது.

நிறம் மட்டும்தான் எனக்குத் தெரிகிறது. நிறம் பிரமாதம். ருசி என்ன என்று பாட்டிலைக் கேட்கிறேன், அது பதில் சொல்ல மாட்டேன் என்கிறது. நேற்று முதலாளியம்மா பின்னால் வந்து நின்று, "வாசனை தூக்குதே, என்ன போட்ட?" என்றார். "சர்ப்ரைஸ் அம்மா" என்று இளித்தேன். முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. எது வாசனை தூக்கியதென்று எனக்குத் தெரிந்தால்தானே!

சீக்கிரம் எழுது. நாவல்பழம் நமக்காகக் காத்திருக்காது.

தமுக்கு

ஜூன் 17

தமுக்குக்கு,

பார்சல் வந்தது. பெட்டியைத் திறக்கும்போதே சோப்பு வாடை. அதுவும் பாத்திரம் தேய்க்கிற சோப்பு இல்லை, துணி சோப்பு. பாட்டிலை எதில் கழுவினீர்கள்?

வெள்ளை நூலை ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டேன். நாரத்தை இலை வயிற்றைப் புரட்டுகிறது. அதை விட்டுவிடுங்கள். பச்சை நூல் மருந்துக்கடைச் சமாச்சாரம். சிவப்புதான் சரி. பழத்தின் துவர்ப்பு நன்றாகத் தெரிகிறது, உப்பும் அளவு. ஆனால் இவ்வளவு இனிப்பு எதற்கு? குமட்டுகிறது. சர்க்கரையைப் பாதியாக்குங்கள். எலுமிச்சையைக் கூட்டுங்கள். துணிந்து பிழியுங்கள்.

கொட்டை நீக்காத பழம் கொஞ்சம் அனுப்ப முடியுமா? இங்கே வண்டிக்காரர் வருவதில்லை. பழத்தையே தின்று பார்த்தால் சாற்றைப் பற்றி இன்னும் சரியாகச் சொல்லலாம்.

சாப்பாடு தெரியவில்லை என்று பட்டினி கிடக்காதீர்கள். ருசி இல்லாவிட்டாலும் வயிறு ஒன்று இருக்கிறது.

ஊசி

ஜூன் 22

என் நாக்குக்கு,

நீ மனுஷியே இல்லை! பாத்திர சோப்பு தீர்ந்துபோய், பீரோவில் இருந்த துணி சோப்பில்தான் கழுவினேன். மூன்று தண்ணீர் விட்டு அலசியும் பிடித்துவிட்டாயே. எனக்கு மூக்கு இருந்த காலத்தில்கூட இது தெரிந்திருக்காது. இனி நீ சொல்வதுதான் சட்டம். நாரத்தை இலைக்குக் கும்பிடு போட்டாயிற்று. சர்க்கரை பாதி. எலுமிச்சையைத் துணிந்து பிழிந்திருக்கிறேன். நேற்று நானே ஒரு வாய் குடித்தேன், பல் கூசியது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நீ சொல்.

பழமும் வைத்திருக்கிறேன். ஒரு கூடை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பார்சல் கொண்டுவருகிற கண்டக்டர் சொன்னார், உன் வாசலில் தையல் போர்டைக் காணோமாம். மெஷின் சத்தமும் கேட்கவில்லையாம். கடையை மூடிவிட்டாயா? வீட்டைக் காலி பண்ணுகிறாயா? உன் அண்ணன் வீட்டுக்குப் போவதாக இருந்தால் என்னிடம் நேரடியாகவே சொல்லிவிடு. இங்கே ஒருத்தன் மாடி வீட்டு ஜன்னலுக்குத் திரை என்ன நிறத்தில் போடலாம் என்று பைத்தியக்காரன் மாதிரி யோசித்துக்கொண்டிருக்கிறான். அவன் வீணாக யோசிக்க வேண்டாம்.

வேலை போய்விடுமோ என்று பகலெல்லாம் பயம். நீ போய்விடுவாயோ என்பது அதற்கு மேல். இரண்டையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பில்லை, சொல்லிவிட்டேன்.

தமுக்கு

ஜூன் 27

தமுக்குக்கு,

கண்டக்டரை வைத்து உளவு பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டீர்களா? நன்றாக இருக்கிறது.

கடையை மூடவில்லை. மெஷின் மிதிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். கால் வலி. கைத்தையல் மட்டும் எடுக்கிறேன். பட்டன் கட்டுகிறேன், ஓரம் மடித்துத் தைக்கிறேன். எங்கேயும் போகவில்லை. அண்ணன் வீட்டுக்கும் போகவில்லை, உங்கள் மாடிக்கும் வரப்போவதில்லை. இப்போதைக்கு என்னால் பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. ஏன், எதற்கு என்று நோண்டாதீர்கள்.

நீங்கள் நல்லவர்தான். ஆனால் உங்களிடம் ஒன்றைச் சொன்னால் மறுநாள் ஊருக்கே தெரியும். இரண்டு தடவையும் அப்படித்தான். முதல் நாளே தெருவெல்லாம் தமுக்கடித்தீர்கள். கண்ணாடிக் கடைக்காரர் வரைக்கும் கை குலுக்கினார். அப்புறம் ஒவ்வொரு வாசலாக "இல்லைங்க, இல்லாம போச்சுங்க" என்று பதில் சொன்னது நான். உங்களுக்கு அது மறந்திருக்கும். எனக்கு இன்னும் அந்தத் தெருவில் நடக்கக் கால் வரவில்லை.

சரி, விடுங்கள். வேலைக்கு வருகிறேன். இந்தத் தடவை பரவாயில்லை. ஆனால் இன்னும் போதாது. சர்க்கரையை மொத்தமாக எடுத்தாலும் குறையில்லை. இன்னும் கொஞ்சம் புளிக்கட்டும். பாட்டிலை நான் ஒரே நாளில் முடித்துவிட்டேன், அப்படியென்றால் நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள். பழக்கூடையும் காலி. நாக்கு கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறது.

பயப்படாதீர்கள். ருசி பார்க்கிற அன்று நல்ல சட்டை போட்டுக்கொள்ளுங்கள். காலர் கிழிந்த நீலச் சட்டை வேண்டாம்.

ஊசி

ஜூலை 6

அன்புள்ள உனக்கு,

நேற்று ருசி பார்த்தார்கள். நல்ல சட்டைதான் போட்டிருந்தேன்.

நீ சொன்னபடியே பண்ணினேன். சர்க்கரை பெயருக்கு ஒரு துளி, எலுமிச்சை இரண்டு பங்கு, நாவல் சாறு, ஜின். ஐஸ் போட்டுக் குலுக்கி, நீள்காம்புக் கண்ணாடிக் கோப்பையில் வடித்தேன். மேஜையில் முதலாளியம்மாவும் வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேரும், ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர். நிறத்தைப் பார்த்ததும் "ஆகா" என்றார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அப்புறம் குடித்தார்கள். கப்பல்காரரின் ஒரு கண் மூடிக்கொண்டது, திறக்க நேரமாயிற்று. பல் டாக்டர் தாடையைப் பிடித்துக்கொண்டு, "இதை தினம் பத்து பேருக்குக் குடுங்க, எனக்கு வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். முதலாளியம்மா மட்டும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இதை யாரு குடிச்சுப் பார்த்து சரின்னு சொன்னது? மாசமா இருக்கிற பொண்ணு யாராவதா? என் மூத்தவ வயித்துல இருந்தப்போ நானும் இப்படித்தான் புளிப்புக்குப் பறந்தேன். இனிப்பைக் கண்டா ஓடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் அவர்கள் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

ஸ்டோர் ரூமில் போய் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலாளியம்மா தேடிக்கொண்டு வந்தார். எல்லோரும் சிரித்ததுக்கு அழுகிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம். அப்போதுதான் சொன்னேன். "எனக்கு மூக்கும் இல்ல, நாக்கும் இல்லம்மா. காய்ச்சல்ல போயிருச்சு." அவர் பக்கத்துப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் "பார்ல நிக்கிறவனுக்கு வேற என்னய்யா இருக்கு?" என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அளவுக் கிண்ணத்தோடு கவுண்டரில் இருக்கலாம். பொறுப்பு வேறொருவருக்கு. மாடி வீடும் அவருக்குத்தான்.

பானம் என்னவோ பிழைத்துக்கொண்டது. முதலாளியம்மாவே பாகைக் கூட்டி ஊற்றிக் குலுக்கினார். பல் டாக்டர் இரண்டாவது கோப்பை கேட்டாராம். அட்டையில் "நாவல் கிம்லெட்" என்று அச்சடிக்கப் போகிறார்கள்.

நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீயாகச் சொல்கிறவரைக்கும் கேட்க மாட்டேன். இங்கே யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, மாஸ்டரிடம்கூட. என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். அதைப் பூட்டிக்கொண்டு சுற்றுவது என்ன பாடு என்று நீயே யோசித்துக்கொள்.

லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். பையை எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் நீ வா என்று எழுதாமல் பஸ் ஏற மாட்டேன். வராதே என்றால் வரவில்லை.

கால் வலி என்று எழுதியிருந்தாய். நடமாட்டத்தைக் குறைத்துக்கொள். தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே.

உன்னவன்

ஜூலை 14

அன்புள்ள உனக்கு,

பதில் இல்லை. கண்டக்டர் இரண்டு தடவை வந்து போய்விட்டார். அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அது உளவாகிவிடும்.

நான் எழுதியது தப்பென்றால் கிழித்துப் போட்டுவிடு. நான் நினைப்பது தப்பென்றாலும் பரவாயில்லை, திட்டி எழுது. திட்டாவது வரட்டும். இப்படி ஒன்றுமே வராமல் இருந்தால் என் மனசு எங்கெங்கோ போகிறது. அந்த இடங்களுக்கெல்லாம் நாம் ஏற்கெனவே போய் வந்திருக்கிறோம். அதனால்தான் இவ்வளவு பயம்.

நலம் என்று ஒரே ஒரு வார்த்தை போதும்.

உன்னவன்

ஜூலை 18

அன்புள்ளவருக்கு,

கட்டிலில் படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். முதலில் நீங்கள் கேட்ட வார்த்தை: நலம். இப்போதைக்கு நலம்.

உங்கள் ஆறாம் தேதிக் கடிதம் எட்டாம் தேதி வந்தது. படித்துவிட்டு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சொல்லாமல் வைத்திருந்ததை ஒரு கோப்பை எலுமிச்சைச் சாறு சொல்லிவிட்டதே என்று. உங்களை ஏமாற்றவில்லை, சத்தியமாக. எனக்கு அது உண்மையிலேயே புளிப்புப் போதாமல்தான் இருந்தது. உங்கள் வேலைக்கு வேட்டு வைக்கிறேன் என்று தெரிந்திருந்தால் சர்க்கரையை அள்ளிக் கொட்டச் சொல்லியிருப்பேன். மாடி வீடு போனதற்கு அன்று ராத்திரி அழுதேன். வர மாட்டேன் என்று எழுதியவளுக்கு எதற்கு அழுகை என்று நீங்கள் கேட்கலாம்.

பதில் எழுத உட்கார்ந்த அன்றுதான் லேசாக ரத்தம் பட்டது. எதிர்வீட்டு அம்மாதான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் என் கையை விடவில்லை. மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். நேற்றுதான் வீட்டுக்கு விட்டார்கள். எழுந்திருக்கக் கூடாது, மாடிப்படி கூடாது, மெஷின் கூடாது. உங்கள் இரண்டு கடிதமும் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

நாலாம் மாதம். போன தடவை தவறியதும் இந்த மாதம்தான். அதனால்தான் உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தை அப்புறம் இன்னொரு விதமாகப் பார்க்க என்னால் முடியாது. நான் ஒருத்தி மட்டும் பயந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். போதவில்லை. ஒருத்தியாகப் பயப்படுவதற்கு இது ரொம்பப் பெரியதாக இருக்கிறது.

இன்னும் ஒன்றும் நிச்சயமில்லை. டாக்டரும் உங்கள் டாக்டர் மாதிரிதான், இப்படியும் ஆகலாம் அப்படியும் ஆகலாம் என்கிறார். ஆனால் ஸ்கேன் எடுக்கிற அறையில் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி, அவ்வளவு வேகம். நான் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன். அப்போது நர்ஸ் கேட்டார், "வீட்டுக்காரர் வெளியில இருக்காரா? கூப்பிடட்டுமா, அவரும் கேக்கட்டும்."

"பஸ்ல வந்துக்கிட்டு இருக்கார்" என்று சொல்லிவிட்டேன்.

என்னைப் பொய் சொன்னவளாக்கிவிடாதீர்கள்.

உங்கள்
ஊசி